கடைசிப் பந்தி

பீட்டர் கிடியன் ஒஹையோவில் பிறந்தவர். ஆப்பிள் மரங்களைப் பார்த்து வளர்ந்தவர். 1853இல் அவர் மினசோட்டாவுக்குப் போய் மினடோங்கா ஏரிக்கரையில் குடியேறியபோது, அங்கும் ஆப்பிள் வளர்த்தே தீருவது என்று முடிவு செய்தார். கன்றுகள் நட்டார், விதைகளைக் கூடைக்கணக்கில் ஊன்றினார், பேரி, பிளம், செர்ரி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போனது. பத்தாண்டு முடிவதற்குள் தோட்டமே அழிந்துவிட்டது. உயிரோடு நின்றது ஒரேயொரு கிராப் ஆப்பிள் நாற்று.

அப்போது அவர் கையில் இருந்தது 8 டாலர். குளிருக்குப் போட்டுக்கொள்ள உடுப்பு இல்லை. அந்த 8 டாலரை அவர் மெய்ன் மாநிலத்து பாங்கர் நகரத்துக்கு அனுப்பி, ஆப்பிள் விதையும் ஒட்டுக்குச்சிகளும் வரவழைத்தார். பழைய மேல்சட்டைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து, கிழிந்த கால்சட்டையின் கால்களை வெட்டிக் கைகளாக ஒட்டி, அந்தக் குளிரைக் கடத்தினார் என்று சொல்வார்கள். அந்த விதைகளில் ஒன்று மரமாகி நின்றது. 1868இல் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார்: வெல்த்தி. வடக்குச் சமவெளியின் குளிரில் நிலைத்து, விலைக்கு விற்கும் அளவுக்குப் பழம் தந்த முதல் ஆப்பிள்களில் அது ஒன்று.

தோட்டக்கலை வரலாறுகள் வெல்த்தியைக் கொண்டாடிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடும். என் மனம் பின்னால் நிற்கும் அந்தக் கிராப் ஆப்பிளிடமே போகிறது. கிராப் ஆப்பிள் என்பது ஆப்பிளின் காட்டுச் சொந்தம். சுண்டைக்காய் அளவிலிருந்து பெருநெல்லி அளவு வரை காய்க்கும். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கை இழுக்கும். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது ஆகாது. ஆனால் மினசோட்டாவின் ஜனவரியில், முழங்கால் ஆழப் பனியில், பழுப்பு இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில் சிவப்பாக எதையாவது பார்க்க முடிந்தால், அது பெரும்பாலும் இந்த வகைப் பழமாகத்தான் இருக்கும். அதைத் தேடி வடக்கே கனடாவிலிருந்து பறவைகள் வரும்.

மனிதருக்காக மரம் நடுகிறவர் 'நல்ல பழம் எது?' என்று கேட்கிறார். காட்டுயிர்களுக்காக நடுகிறவர் கேட்க வேண்டியது வேறு: 'எந்த மாதத்தில், யாருக்கு?'

*

முதலில் மரம் உயிரோடு இருக்க வேண்டும். மினசோட்டாவின் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2ஆம் தேதி வெப்பநிலை மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அணில் வளைக்குள் போகலாம், கரடி குகைக்குள் போகலாம், பறவை தெற்கே போகலாம். மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்குப் போர்வையும் இல்லை, உடல்சூடும் இல்லை. தண்டு முழுக்கத் தண்ணீர் இருக்கிறது.

தாவரத்தைக் கொல்வது குளிர் என்பதைவிட, பனிக்கட்டி என்பதே சரி. செல்லுக்குள் ஒரு பனிப்படிகம் முளைத்துவிட்டால் சவ்வுகள் கிழிந்து செல் இறந்துவிடும். இதிலிருந்து தப்பக் குளிர்நாட்டு மரங்கள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன.

வில்லோ, பிர்ச், ஆஸ்பன் போன்றவை செல்லுக்குள் இருக்கும் நீரை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. வெளியே போன நீர் செல்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் உறைகிறது. உள்ளே மிஞ்சுவது சர்க்கரையும் பாதுகாப்புப் புரதங்களும் செறிந்த ஒரு பாகு. அதில் உறைவதற்கு நீரே போதாது. மோர்மிளகாயை வற்றலாக்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அந்த வித்தை. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா சகாய், நன்றாகக் குளிருக்குப் பழகிய குச்சிகளைப் படிப்படியாகக் குளிரவைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனுக்குள் இறக்கிப் பார்த்தார். வெளியே எடுத்து உருகவிட்டபோது அவை பிழைத்திருந்தன. 1960இல் அவர் வெளியிட்ட முடிவு இது.

ஓக், ஆப்பிள், ஹிக்கரி போன்றவை வேறு வழியில் போயின. அவற்றின் கட்டையில் உள்ள உயிர்ச்செல்களில் நீர் அப்படியே இருக்கிறது, சுழியத்துக்குக் கீழே பல பத்து டிகிரி போனபின்னும் திரவமாகவே இருக்கிறது. நீர் உறைவதற்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும்: ஒரு தூசு, ஒரு படிகத் துணுக்கு. அது கிடைக்காதபடி சின்னச்சின்ன அறைகளில் அடைபட்ட நீர் உறைய மறந்து நிற்கிறது. ஆனால் இந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. மைனஸ் 40 டிகிரியை நெருங்கும்போது, எந்தத் தூண்டுதலும் இல்லாமல் நீர் தானாகவே உறைந்துவிடும். அதை இயற்பியல் விதிக்கிறது. மரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வகை மரங்கள் பலவற்றின் வடக்கு எல்லையை வரைபடத்தில் பார்த்தபோது, அது மைனஸ் 40 டிகிரிக் கோட்டை ஒட்டியே ஓடியது. செல்சியஸிலும் பாரன்ஹீட்டிலும் ஒரே எண்ணாக வரும் ஒரே வெப்பநிலை அது. ஒரு கண்டத்தின் காடு எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு துளி நீரின் குணம் கோடு போட்டிருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்தத் தாங்கும் திறன் ஆண்டு முழுதும் இருப்பதில்லை. ஜனவரியில் மைனஸ் 35ஐத் தாங்கும் அதே குச்சி, ஜூலையில் சுழியத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே கருகிவிடும். ஆகஸ்ட் முடிவில், வெயில் இன்னும் சுடும்போதே, இலைகள் இரவின் நீளத்தை அளந்து தயாரிப்பைத் தொடங்குகின்றன. முதல் உறைபனிகள் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைக்கின்றன. அதனால்தான் கோடையின் கடைசியில் உரம் போட்டு மரத்தைத் துளிர்க்க வைப்பது குளிர்நாட்டில் பெரிய தவறு. தூங்கப் போகிற பிள்ளையை எழுப்பி ஓடவிடுவது மாதிரி.

குளிர் எதிரி மட்டுமே என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆப்பிள் மொட்டுக்குப் பல நூறு மணிநேரக் குளிர் வேண்டும். அதை எண்ணி முடித்த பிறகே விழிப்பதற்குச் சம்மதிக்கும். மதுரையில் ஆப்பிள் காய்க்காததும், கொடைக்கானலில் பிளம்ஸும் பேரியும் காய்ப்பதும் இந்தக் கணக்கால்தான்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் நாட்டைக் குளிர் மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டது. நாற்றுப் பண்ணையில் தொங்கும் ஒவ்வொரு சீட்டிலும் இன்று அந்த மண்டல எண் இருக்கும். 4ஆம் மண்டலம் என்றால், ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 29க்கும் மைனஸ் 34க்கும் இடையே. 2023இல் வந்த புதிய பதிப்பில் நாட்டின் ஏறத்தாழப் பாதிப் பரப்பு அரை மண்டலம் சூடான பக்கம் நகர்ந்திருந்தது. பயனுள்ள எண்தான், ஆனால் அது சொல்வது ஒரே ஓர் இரவைப் பற்றி. வசந்தத்தில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. 2012 மார்ச்சில் மத்திய மேற்கு மாநிலங்களில் கோடை போல வெயில் அடித்தது. மரங்கள் நம்பிப் பூத்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. மிச்சிகன் மாநிலம் அந்த ஆண்டின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இழந்தது. ஜனவரியில் மைனஸ் 30ஐத் தாங்கிய மரம், பூவாக விரிந்தபின் மைனஸ் 3, மைனஸ் 4இல் தோற்றுப்போகிறது.

*

மரம் பிழைத்துக் காய்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பந்திக்கு வருவோம்.

பந்தி என்று வேண்டுமென்றுதான் சொல்கிறேன். 1980இல் எட்மண்ட் ஸ்டைல்ஸ் என்ற சூழலியலாளர் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் பறவைகள் தின்னும் பழங்களை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தால் கல்யாண வீட்டில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி, கடைசிப் பந்தி என்று உட்கார்வதுதான் நினைவுக்கு வரும்.

முதல் பந்தி கோடையின் தொடக்கத்தில். ஜூன்பெரி மரம் பெயருக்கேற்ப ஜூனில் பழுக்கிறது. அதன் புல்வெளிச் சொந்தமான சாஸ்கட்டூன் மைனஸ் 40 வரை போகும் இடங்களிலும் வாழும். கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்துக்கே கிரீ மொழியில் அந்தப் பழத்துக்குள்ள பெயரிலிருந்துதான் பெயர் வந்தது. ஊதா நிறப் பழம், சாறு நிறைய, சர்க்கரை நிறைய. இந்தப் பந்தியில் கூட்டம் குறைவு. ராபின் பறவையும் சீடர் வாக்ஸ்விங் பறவையும் அந்த வட்டாரத்திலேயே கூடு கட்டியிருப்பவை. தம் குஞ்சுகளோடு வந்து தின்றுவிட்டுப் போகின்றன. விதை கொஞ்ச தூரம் போய் விழுகிறது. சதை கூலி, விதை சுமை, கணக்கு நேர்.

இரண்டாம் பந்தி ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. இங்கேதான் கூட்டம். வடக்குக் காடுகளில் கோடையைக் கழித்த கோடிக்கணக்கான பறவைகள் தெற்கே கிளம்பிவிட்டன. ஸ்வைன்சன் திரஷ் என்ற சிறு பறவை கனடாவின் ஊசியிலைக் காட்டிலிருந்து தென்னமெரிக்கா வரை போகிறது. அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் போதாது, கொழுப்பு வேண்டும். ஒரு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் சர்க்கரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும். சாம்பல் டாக்வுட் புதரின் வெள்ளைப் பழத்தில், உலர்த்தி எடைபோட்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பு. அந்தப் புதர் அழகாக ஒன்றும் இருக்காது. பூந்தோட்டக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செப்டம்பரில் ஒரு வாரத்துக்குள் காலியாகிவிடும். காலியாக வேண்டும்; கொழுப்புள்ள பழம் நிற்காது, சிக்குப் பிடித்துப் பூஞ்சை பூத்துவிடும்.

கடைசிப் பந்தி நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகிறது. சத்து குறைந்த, புளித்த, துவர்த்த பழங்கள்: சுமாக், மவுண்டன் ஆஷ், ஹைபுஷ் கிரான்பெரி, கிராப் ஆப்பிள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வடை இருக்காது, ரசமும் சோறும் இருக்கும். ஆனால் பசித்தவருக்கு அது சோறு. அக்டோபரில் எந்தப் பறவையும் தொடாத இந்தப் பழங்கள் அழுகாமல் நிற்பதற்குக் காரணமே அவற்றின் குறைதான். கொழுப்பில்லாததால் நுண்ணுயிர்களுக்கு அவற்றில் ஆர்வமில்லை. புளிப்பும் துவர்ப்பும் காவல் காக்கின்றன. உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, பிப்ரவரிக்குள் சதை மெத்தென்று ஆகி, துவர்ப்பும் தணிகிறது. அப்போது கனடாவிலிருந்து பைன் குரோஸ்பீக்குகளும் பொஹீமியன் வாக்ஸ்விங்குகளும் கூட்டமாக இறங்கி, ஒரு மரத்தை ஓரிரு நாளில் மொட்டையாக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்.

கிராப் ஆப்பிள் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. எல்லாக் கிராப் ஆப்பிளும் பழத்தைப் பிடித்துவைப்பதில்லை. தெற்கு டகோட்டாவின் தோட்டக்கலை ஆய்வாளர் நீல்ஸ் ஹான்சன் 1897இல் வேளாண்மைத் துறைக்காக ரஷ்யப் பயணம் போய்க் குளிர் தாங்கும் செடிகளைத் தேடிக் கொண்டுவந்தார். அவர் 1917இல் வெளியிட்ட டோல்கோ என்ற கிராப் ஆப்பிள் கடுங்குளிரிலும் அசையாது. ஆனால் கோடை முடிவிலேயே பழத்தை உதிர்த்துவிடும். கீழே விழுந்ததை மானும் கரடியும் தின்னும், பனிக்காலப் பறவைக்கு ஒன்றும் மிஞ்சாது. ரெட் ஸ்ப்ளெண்டர் போன்ற சிறுபழ வகைகள் பனிக்காலம் முழுக்கக் கிளையில் பிடித்துக்கொண்டிருக்கும்; ஒரு பறவை முழுதாக விழுங்கக்கூடிய அளவு. இரண்டும் ஒரே 'கிராப் ஆப்பிள்' என்றுதான் விற்கப்படும்.

*

கொட்டைகளின் நியாயம் வேறு. பழத்தில் விதை பிழைத்துக்கொள்ளும், சதை மட்டும் கூலியாகப் போகும். ஓக் கொட்டையில் கூலியே விதைதான். தின்றால் மரத்தின் பிள்ளை செத்தது. ஆகவே கொட்டை மரங்கள் நம்பியிருப்பது பசியை அல்ல, சேமிக்கும் பழக்கத்தையும் அதில் நேரும் மறதியையும்.

விர்ஜீனியாவின் பிளாக்ஸ்பர்க்கில் ஒரு சிறு ஓக் தோப்பை ஆய்வாளர்கள் கவனித்து 1981இல் வெளியிட்ட கணக்கு இது. ப்ளூ ஜே என்ற நீலப் பறவைகள் ஒரே பருவத்தில் அந்தத் தோப்பிலிருந்து 1,33,000 கொட்டைகளைத் தூக்கிப் போய்ப் புதைத்தன. மொத்தக் காய்ப்பில் 54 விழுக்காடு. சராசரியாக 1.1 கிலோமீட்டர் தள்ளி, சில 1.9 கிலோமீட்டர் வரை. மரத்தடியில் மிஞ்சிக் கிடந்தவற்றில் பெரும்பங்கு கூன்வண்டுப் புழு துளைத்தவை. பறவைகள் நல்லதைப் பொறுக்கி எடுத்திருக்கின்றன. எந்த நாற்றுப் பண்ணையும் இவ்வளவு கவனமாக விதை தேர்ந்து, இவ்வளவு தூரம் கொண்டுபோய், மண்ணுக்குள் சரியான ஆழத்தில் வைத்ததில்லை. பனியூழி முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது இவ்வளவு கனமான விதை உள்ள ஓக் எப்படி அவ்வளவு வேகமாக வடக்கே பரவியது என்ற பழைய புதிருக்கு, இந்தப் பறவையின் தொண்டைப்பையில் விடை இருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள்.

அணிலின் கணக்கு இன்னும் நுட்பமானது. வெள்ளை ஓக் வகைக் கொட்டைகள் விழுந்த கையோடு முளைக்கத் தொடங்கும். வேர் விட்டால் அணிலின் சேமிப்பு போச்சு. சிவப்பு ஓக் கொட்டைகள் துவர்ப்பு அதிகம், வசந்தம் வரை தூங்கும். சாம்பல் அணில் இரண்டையும் பிரித்தறிகிறது. சிவப்பு ஓக்கைப் புதைக்கிறது. வெள்ளை ஓக்கை அங்கேயே தின்கிறது, அல்லது முனையிலுள்ள கருவைக் கடித்து நீக்கி முளைக்காதபடி செய்துவிட்டுப் புதைக்கிறது. இரண்டு வகையும் கலந்த இடத்தில்தான் அணிலுக்கு அக்டோபரிலும் உணவு, மார்ச்சிலும் உணவு.

மினசோட்டாவில் ஒரே ஓக் நட இடமிருந்தால் நான் பர் ஓக்கைத்தான் சொல்வேன். 3ஆம் மண்டலம் வரை தாங்கும், தக்கை போன்ற தடித்த பட்டை, புல்வெளித் தீயையும் தாண்டி நிற்கும். இடம் குறைவென்றால் ஹேசல்நட் புதர். அதன் பூங்கதிர்கள் முந்தைய கோடையிலேயே உருவாகிப் பனிக்காலம் முழுதும் கிளையில் தொங்கும். ரஃப்டு குரௌஸ் என்ற காட்டுக்கோழி அவற்றைத் தின்றே பல நாட்களைத் தள்ளும். காய்க்க வேண்டுமென்றால் தனிச்செடி போதாது. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு வேண்டும்.

ஓக்கும் பீச்சும் ஆண்டுதோறும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. நம் மாமரம் ஓராண்டு காய்த்து ஓராண்டு ஓய்வதைப் பார்த்திருக்கிறோம். ஓக்கில் ஒரு வட்டாரமே சேர்ந்து ஓய்கிறது, சேர்ந்து கொட்டுகிறது. பஞ்ச ஆண்டுகளில் எலியும் கூன்வண்டும் குறைகின்றன; பிறகு ஒரு பெருங்காய்ப்பு ஆண்டில், இருக்கிற வாய்கள் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டி, மிச்சத்தை முளைக்க விடுகின்றன. மூங்கில் பூத்த காட்டில் எலி பெருகும் என்று நம் மலைகளில் சொல்வார்களே, அதே ஏற்பாடு.

இந்த ஏற்றத்தாழ்வு கரடியின் கருப்பை வரை போகிறது. கருங்கரடி கோடைத் தொடக்கத்தில் இணைசேர்கிறது. கரு உருவாகி, வளராமல், கருப்பையில் மிதந்துகொண்டே இருக்கும். அது ஒட்டி வளரத் தொடங்குவது நவம்பர், டிசம்பர் வாக்கில்தான். அதற்குள் தாய் போதிய கொழுப்புச் சேர்த்திருந்தால், ஜனவரியில் குகைக்குள் குட்டி பிறக்கும். சேர்க்கவில்லையென்றால் கரு கரைந்துவிடும். இலையுதிர்காலத்தில் கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்பது இதற்காகத்தான். ஹேசல்நட்டும் ஓக் கொட்டையும் பொய்த்த ஆண்டுகளில் கரடிகள் ஊருக்குள் வந்து குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கின்றன. கரடி கெட்டுப்போய்விட்டதாக ஊரார் பேசிக்கொள்வார்கள். காட்டில் காய்ப்பில்லை, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை ஒரு காலத்தில் நிரப்பிய மரம் அமெரிக்கச் செஸ்ட்நட். அப்பலாச்சியன் மலைகளில் அது காட்டின் அரிசி. ஓக் வசந்தத்தில் பூத்து உறைபனியில் மாட்டிக்கொள்ளும். செஸ்ட்நட் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூத்ததால் உறைபனி அதைத் தொடவில்லை. அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் காய்த்தது. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில், ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அந்த மரங்களில் தென்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு, நானூறு கோடி மரங்கள் செத்தன. வேர்கள் இன்றும் துளிர்விடுகின்றன. துளிர் கை பருமனாவதற்குள் பூஞ்சை மறுபடி கொல்கிறது. நோய் தாங்கும் செஸ்ட்நட்டை உருவாக்க 1983இல் ஓர் அமைப்பே தொடங்கி இன்றுவரை உழைக்கிறார்கள். மினசோட்டாவுக்குக் கிழக்கே, விஸ்கான்சினின் வெஸ்ட் சேலத்தில், குடியேறிய விவசாயி ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டஜனுக்கும் குறைவான செஸ்ட்நட் மரங்களை நட்டார். மரத்தின் இயல்பான எல்லைக்கு வெளியே உள்ள இடம் என்பதால் பூஞ்சை அங்கே போய்ச்சேர நெடுங்காலம் ஆனது. அதற்குள் அந்தச் சிறு கூட்டம் ஆயிரக்கணக்கான மரங்கள் கொண்ட காடாகியிருந்தது. 1987இல் நோய் அங்கும் வந்துவிட்டது.

நல்லதை மட்டும் சொன்னால் நேர்மையாகாது. நியூயார்க் மாநிலத்தின் மில்புரூக்கில் ரிச்சர்டு ஆஸ்ட்ஃபெல்டும் கூட்டாளிகளும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், ஓக் பெருங்காய்ப்புக்கு அடுத்த கோடையில் வெண்கால் சுண்டெலி பெருகுகிறது. அதற்கடுத்த ஆண்டு லைம் நோய்க் கிருமி சுமந்த உண்ணிகள் கூடுகின்றன. உணவு வைத்தால் எல்லோரும்தான் வருவார்கள். அதனால் கொட்டை மரங்களை வீட்டு வாசலிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்காமல், நிலத்தின் ஓரத்தில் வைப்பதே நல்லது. கரடி உலாவும் ஊரில் கிராப் ஆப்பிளுக்கும் அதே விதி.

*

நல்ல எண்ணத்தோடு நட்டு ஊரைக் கெடுத்த கதைகளும் இங்கே உண்டு. ஐரோப்பிய பக்தார்ன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலிச்செடியாக மினசோட்டாவுக்கு வந்தது. குளிர் தாங்கும், கறுப்பாகக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். இன்று மாநிலத்தின் காடுகளில் அடித்தளம் முழுதும் அது; விற்பதே சட்டவிரோதம். கிழக்கு மாநிலங்களில் அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறையே 1930களில் மல்டிஃப்ளோரா ரோஜாவையும், அடுத்த பத்தாண்டுகளில் ஆட்டம் ஆலிவையும், பறவைகளுக்கு நல்லது என்று நாற்றுகளாகக் கொடுத்தது. பறவைகள் தின்றன, அதுதான் சிக்கல். தின்று, காடெல்லாம் விதைத்துவிட்டன. அந்தப் பழங்களில் கொழுப்பு மிகச் சொற்பம். டாக்வுட் நின்ற இடத்தில் பக்தார்ன் நிற்கிறது என்றால், தென்னமெரிக்கா போகிற பறவை வயிறு நிறைத்துக்கொண்டு சக்தியில்லாமல் கிளம்புகிறது என்று பொருள்.

இந்தத் தவறு பறவையின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சீடர் வாக்ஸ்விங்கின் வால் நுனி மஞ்சள் நிறம். 1960களிலிருந்து வடகிழக்கில் சில பறவைகளுக்கு அது ஆரஞ்சாகத் தென்படத் தொடங்கியது. இறகு முளைக்கும் பருவத்தில் அவை தின்ற, ஜப்பானிலிருந்து வந்த ஹனிசக்கிள் பழத்தின் சாயம் அது.

பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இலையை மறந்துவிடுவோம். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் டாலமி சொல்லும் கணக்கு என்னை மிகவும் பாதித்தது: சிக்கடி என்ற கைப்பிடிக்குள் அடங்கும் குருவி, ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்களைப் பிடிக்க வேண்டும். பழத்தால் குஞ்சு வளராது. நாட்டு ஓக் இலைகளை நூற்றுக்கணக்கான வகை அந்துப்பூச்சிப் புழுக்கள் தின்கின்றன. வெளிநாட்டு வேலிச்செடியின் இலையைத் தொடுபவை வெகு சில. இலை ஓட்டையில்லாமல் பளபளவென்று நிற்கும் மரத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பசியுள்ள கூடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

*

நடுவது எளிது. முதல் ஐந்து குளிர்காலங்களைத் தாண்டவைப்பதுதான் வேலை. பனிப்போர்வைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இருட்டு உலகம் இருக்கிறது. அதில் வயலெலிகள் சுரங்கம் போட்டுத் திரிந்து, இளமரத்தின் பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிடும். பட்டை ஒரு வளையம் போனால் மரம் போச்சு. தண்டைச் சுற்றி நெருக்கமான இரும்புவலையை, பனி ஏறும் உயரத்துக்கு மேலேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் முயல் பனிமேல் நின்று கடிக்கும். மான்களுக்குத் தனி வேலி.

தென்மேற்குப் பக்கத்துப் பட்டைக்குப் பிப்ரவரி வெயில் எதிரி. பகலில் பட்டை சூடாகி விழித்துக்கொள்ளும், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் மீண்டும் உறைந்து வெடிக்கும். தண்டுக்கு வெள்ளை அடித்தால் தப்பும். நம்மூர்ச் சாலையோர மரங்களின் வெள்ளைப் பட்டை போலவே தெரியும். இங்கே அதன் வேலை வெயிலைத் திருப்பி அனுப்புவது.

வேர்தான் மரத்தின் கோழையான பகுதி. கிளை மைனஸ் 35ஐத் தாங்கும்போது, பல ஆப்பிள் வேர்கள் மைனஸ் 10ஐ ஒட்டியே சாகும். அவற்றைக் காப்பது மேலே கிடக்கும் பனி. பனி நிறைய விழுந்த கடுங்குளிரைவிட, பனியில்லாத கடுங்குளிர்தான் தோட்டங்களை அழிக்கிறது. அதனால் வடக்கே ஒட்டுக்கன்று வாங்குகிறவர்கள் மேலே என்ன வகை என்று கேட்பதோடு, அடியில் என்ன வேர் என்றும் கேட்பார்கள். ரஷ்ய அன்டோனோவ்கா வேர் என்றால் நிம்மதி. இலையுதிர்காலத்தில் அடியில் போடும் மரத்தூள் மூடாக்கும் உதவும், தண்டைத் தொடாமல் போட்டால். தொட்டால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

பர் ஓக் முதல் கொட்டையைத் தருவதற்குள் நட்டவரின் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். ஜூன்பெரியும் ஹேசலும் சில ஆண்டுகளிலேயே தரும். கிராப் ஆப்பிள் நடுவில். ஒரே நாளில் நட்டாலும் அவை ஒவ்வொன்றாகப் பந்திக்கு வந்துசேரும்.

ஏப்ரல் முதல் வாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து ராபின்கள் திரும்பிவிட்டன. மண்புழு எட்டும் ஆழத்துக்கு மண் இளகியிருந்தது. அன்று இரவு அரை அடி பனி கொட்டுகிறது. காலையில் புல்வெளி இல்லை, புழு இல்லை. வேலியோரம் ஹைபுஷ் கிரான்பெரி புதரில், அக்டோபரிலிருந்து யாரும் தொடாத சிவப்புக் கொத்துகள் சுருங்கித் தொங்குகின்றன. முதல் ராபின் தயங்கி வந்து உட்கார்ந்து ஒன்றை விழுங்குகிறது. பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் பதினைந்து, இருபது பறவைகள். புதருக்கடியில் பனியெல்லாம் சிவப்புப் புள்ளி.